ஏற்றத்தில் நிற்காத வண்டி

ரஹ்மத்தின் ஒரு செருப்பு பஸ் படிக்கட்டில் கிடந்தது. இன்னொன்று அவள் காலில் இருந்தது. அவள் ரோட்டில் மல்லாந்து கிடந்தாள். சாப்பாட்டுப் பை வாய் பிளந்து, மதியம் மிச்சம் வைத்த எலுமிச்சம்பழச் சோறு தாரின் மேல் மஞ்சளாகச் சிதறியிருந்தது.

அவளுக்குப் பின்னால் இறங்க வேண்டியவள் நான். மேல்படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பஸ் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. பின்சக்கரம் அவள் தலையை ஒட்டித் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"நிப்பாட்டுலே!" என்று கத்தினேன். அதுவரை எந்த டிரைவரையும் நான் "லே" போட்டுக் கூப்பிட்டதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் பள்ளிக்கூடத்திலேயே இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் ஜெபம் பண்ணச் சொல்வார்கள். அன்றைக்கு ஜெபம் வரவில்லை, "லே" தான் வந்தது.

பாலத்தைத் தாண்டிப் பஸ் நின்றது. இப்போது நன்றாகவே நின்றது.

ஓடிவந்து அவள் பக்கத்தில் முட்டி போட்டேன். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கிரேஸு, முக்காடு விலகிட்டா பாரு" என்றாள். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறவள் கேட்ட முதல் கேள்வி அது. முக்காட்டை இழுத்துவிட்டேன். வெளிர்பச்சைச் சேலையின் ஓரத்தில் டயர் அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்தான். சின்ன வயது, கழுத்தில் விசில் தொங்கியது. உயிர் இருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "பின்னால பாத்து இறங்குனா விழத்தான் செய்வாவ. பொம்பளையளுக்கு இறங்கவே தெரியல."

போன வாரம் எங்கள் ஆய்வகத்துப் பல்லிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க வைக்கிற மனநிலையில் நான் இல்லை. அந்தக் கண்டக்டர் சொன்ன வாக்கியம் இன்னும் என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அதை எடுத்து வெளியே போட்டால்தான் எனக்கு நிம்மதி.

நிற்காத நிறுத்தம்

ரஹ்மத் எங்கள் பள்ளியின் தையல் டீச்சர். அவள் கையால் தைத்த சட்டையைப் போடாத பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. புருசன் வளைகுடாவில் இருக்கிறார். வீடு எனக்கும் அவளுக்கும் பேட்டைப் பக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி விட்டதும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஒரு பொட்டலம் கடலையைப் பகிர்ந்து தின்றபடி வருவோம். எத்தனை வருடமாக என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

எங்கள் தெருமுனையை ஒட்டி ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் போகிற வாய்க்கால். பாலம் பூனை முதுகை வளைத்தது போல எழும்பி நிற்கும். அந்த ஏற்றத்தின் நட்ட நடுவில்தான் எங்கள் நிறுத்தம். எந்த மகராசன் அங்கே நிறுத்தம் வைத்தானோ, அவன் ஒருநாளாவது பஸ்ஸில் போயிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த ஏற்றத்தில் டவுன் பஸ் முழுசாக நிற்காது. அதற்கென்று சட்டம் கிடையாது, வழக்கம்தான். கண்டக்டர் ஒரு விசில் கொடுப்பான். டிரைவர் வேகத்தைக் குறைப்பார். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். "வெரசா இறங்குங்க, வெரசா!" என்று சத்தம் வரும். நாங்கள் ஒவ்வொருவராக உதிர்வோம். கடைசி ஆள் உதிரும்போதே, கிளம்பலாம் என்று இரட்டை விசில் ஊதி விடுவான்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன நாளிலிருந்து இது இன்னும் மோசமாகிப் போனது. "இந்த ஓசி லோட இறக்கிட்டா வண்டி பறக்கும் அண்ணாச்சி" என்று இதே கண்டக்டர் டிரைவரிடம் சொன்னது ஒருநாள் என் காதிலேயே விழுந்தது. லோடாம்! நாங்கள் என்ன சிமெண்ட் மூட்டையா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று ரஹ்மத்திடம் பொருமினேன். "விடுட்டி, வாய் வலிக்கும்" என்று கடலையை நீட்டினாள்.

வலக்கையும் இடக்கையும்

இறங்கத் தெரியவில்லை என்றானே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதில் தெரியும். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்துகிறேன்.

நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றுகிறவரை இப்படித்தான். இதற்கு நிலைமம் என்று பெயர். ஒரு பிள்ளை பரீட்சையில் "நிலைமம் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, "எங்க அண்ணன் லீவு நாளில் படுத்திருப்பது" என்று எழுதிவைத்தாள். பாதி மார்க் கொடுத்தேன். ஓடுகிறதும் நிலைமம்தான் என்பது அவளுக்கு வரவில்லை.

ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற நாமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். பாதம் தரையில் பட்டதும் பாதம் நின்றுவிடுகிறது. பாதத்துக்கு மேலே இருக்கிற மிச்ச உடம்புக்கு அந்தச் சேதி தெரியாது. அது பஸ்ஸோடு போகிற எண்ணத்திலேயே இருக்கும். பஸ் போகிற பக்கம் முகத்தை வைத்து இறங்கினால் நாலு எட்டு ஓடி உடம்பைச் சமாளிக்கலாம். பின்பக்கம் பார்த்து இறங்கினால் ஓட வழியில்லை, மல்லாக்க விழ வேண்டியதுதான்.

அப்படியானால் கண்டக்டர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள், இன்னும் சேலைக்கு வரவில்லை.

சேலை கட்டினவள் படியிறங்க வேண்டுமானால் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதை வலக்கை செய்யும். பையும் அந்தக் கையிலேதான் தொங்கும். மிச்சம் இருப்பது இடக்கை. நம் ஊர்ப் பஸ்ஸுக்கு வாசல் இடப்பக்கம். இடக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள், உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பும். வேறு எப்படியும் திரும்பாது. எங்கள் நிறுத்தத்தில் இறங்குகிற அத்தனை பெண்களும் இப்படித்தான் இறங்குகிறார்கள். வண்டி நின்றிருந்தால் எந்தப் பக்கம் பார்த்து இறங்கினால் என்ன? வானத்தைப் பார்த்துக்கூட இறங்கலாமே!

"பைய தான் வந்தேன்"

ரஹ்மத்துக்கு இடுப்பில் தகடு வைத்தார்கள். மறுநாள் அந்த டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நரைத்த மீசை, கையில் சாத்துக்குடிப் பை. வார்டு வாசலிலேயே நின்றார்.

"பைய தான் வந்தேன் டீச்சர். சைக்கிள் போற வேகங்கூட இல்ல."

பைய வந்தாராம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாத்துக்குடியை அவர் மேலேயே எறிந்திருப்பேன். வேகத்தை மட்டும் பார்க்கிறவன் பாதிக் கணக்குதான் போடுகிறான். மிச்சப் பாதி நிறை. சைக்கிள் பைய வந்து இடித்தால் "பாத்து வாடா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே வேகத்தில் ஒரு பஸ், உள்ளே நெருக்கியடித்து நிற்கிற அத்தனை பேரோடும், ஒரு மனுஷியின் தலையை ஒட்டி உருள்கிறது. அந்த டயருக்கு "பைய" தெரியுமா? சேலையின் ஓரத்தில் ஏறின டயர் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

இதை எல்லாம் வார்டு முழுக்கக் கேட்கும்படி அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏத்தத்துல நிப்பாட்டுனா வண்டி எடுக்காது டீச்சர். கிளச்சு தேஞ்சு போச்சு. சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. நின்ன வண்டிய ஏத்தத்துல எடுத்தா டீசல் குடிக்கும். டீசல் கூடுனா எனக்கு மெமோ. ஓட்டத்துலயே ஏத்துனாத்தான் ஏறும்."

அவர் சொன்ன இயற்பியலில் ஒரு பிழை கிடையாது. நிற்கிற பொருளை நகர்த்த ஆகிற பாடு, நகர்கிற பொருளை ஓட்டிக்கொண்டு போக ஆகாது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ரஹ்மத் படுத்தபடியே, "அண்ணாச்சி, சாத்துக்குடிய அங்கன வச்சிட்டுப் போங்க, பாவம் நீங்க என்ன செய்வீங்க" என்று அனுப்பிவைத்தாள். அவளுக்கு மன்னிக்கிற மனசு. எனக்கு அது இல்லை, இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஒரு மனுஷனின் கால்

நின்றதை நகர்த்துவது பற்றி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது புத்தகம் அல்ல. எனக்கு முதல் வேலை உவரிப் பக்கம் ஒரு கடற்கரைப் பள்ளியில். சாயங்காலம் வள்ளங்கள் கரையேறுவதைப் பார்க்கப் போவேன். மணலில் புதைந்து நிற்கிற வள்ளம் முதல் தள்ளலுக்கு அசையாது. இரண்டாவதற்கும் அசையாது. எல்லாரும் மூச்சுப் பிடித்து ஒரே குரலாகக் கத்தித் தள்ளினால் ஒரு முனகலோடு நகரும். நகர்ந்துவிட்டால் அப்புறம் நிறுத்தவே கூடாது. "விடாதலே, விடாதலே!" என்று கத்திக்கொண்டே மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஒருநாள் பாதி மேட்டில் போகும்போது ஒரு ஆளுக்குக் கால் சறுக்கி, பாதம் வள்ளத்தின் அடிக்குப் போகப் பார்த்தது. முன்னால் நின்றவர் அலறினார்: "விடுங்கலே! காலு! காலு!"

அத்தனை கைகளும் நின்றன. வள்ளம் மணலில் பொதுக்கென்று உட்கார்ந்தது. அவ்வளவு பாடும் வீண். அந்த ஆள் காலை உருவிக்கொண்டு எழுந்தான். எல்லாரும் வியர்வையைத் துடைத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி முதலிலிருந்து தள்ளினார்கள். "உனக்கு ஒழுங்காக் கால் வைக்கத் தெரியல" என்று ஒருத்தர்கூட அவனைச் சொல்லவில்லை.

வள்ளத்தை மறுபடி தள்ளலாம், காலை மறுபடி முளைக்க வைக்க முடியாது. இது புரிய இயற்பியல் எதற்கு? மனுஷனாகப் பிறந்திருந்தால் போதும்.

எனக்கு வந்த அழைப்பு

ரஹ்மத் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான தொந்தரவு ஆரம்பித்தது. டிப்போவில் விசாரித்து முடித்து, பயணி கவனக்குறைவாக இறங்கியதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் ஊர் சுற்றி அவள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நான் பார்க்கப் போயிருந்த நேரம், அவள் புருசனின் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்கத் தெரியாதவ எதுக்கு பஸ்ஸுல ஏறணும்?" என்றார், அவளுக்குக் கேட்கும்படியாகவே. "தையல் கிளாஸ் போனது போதும். தம்பிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். அவனுஞ் சரின்னுட்டான். ஊட்டுல கெடக்கட்டும்."

உள்ளே போனேன். ரஹ்மத் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கேட்டியா கிரேஸு? என் தப்புன்னு ஆக்கிட்டாவ. இனிமே வாசப்படி தாண்ட விடமாட்டாவ." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இடுப்பு ஒடஞ்சது பெருசு இல்லட்டி. அது சேந்துரும். அந்த மிசின் சத்தம் இல்லாம எனக்கு இருக்க முடியாது."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன்.

கிளை மேலாளர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மரியாதைதான். நான் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நிறுத்தத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றலாமே என்றார். பாலத்தில் நடக்க ஓரம் இல்லை, லாரி வந்தால் வாய்க்காலில்தான் குதிக்க வேண்டும் என்றேன். கிளச்சை மாற்றுங்கள் என்றேன். மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். அப்புறம் திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"டீச்சர், நீங்க பிசிக்ஸ் தான? ஒண்ணு செய்யலாமா? நம்ம பெண் பயணிகளுக்கு நீங்களே ஒரு வகுப்பு எடுங்க. வண்டி ஓடும்போது எப்படி விழாம இறங்கணும்னு. நீங்க சொன்னா கேப்பாவ."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி வந்தவளிடம், நிற்காத வண்டியில் இறங்கச் சொல்லிக்கொடு என்கிறார் மனுஷன்! அதுவும் ஏதோ எனக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு. எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"எடுக்கேன் சார். ஆனா வண்டி வேணும். ஓட்டிக் காட்டணும். அந்தப் பழைய வண்டியே வேணும்."

பாடம்

ஒரு சனிக்கிழமை. டிப்போ முற்றத்தில் எங்கள் நிறுத்தத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைப் பிள்ளைகள், நர்ஸம்மா, காய்கறிக் கூடைக்காரிகள். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு துணி பேனர் கட்டியிருந்தார்கள்: "ஓடும் பேருந்தில் பாதுகாப்பாக இறங்குவது எப்படி?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

நேராகப் போய்ப் பேனரின் முடிச்சை அவிழ்த்தேன். "பாடத்துக்கு ஒரு ஆள் தொணை வேணும். சார், நீங்களே வாங்க" என்றேன். போட்டோ எடுக்க ஆள் நின்றதால் மேலாளர் சந்தோஷமாக வந்தார். அந்தப் பேனரையே அவர் இடுப்பில் சுற்றிச் சொருகினேன். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இதான் கொசுவம். தடுக்காம வலக்கையால தூக்கிக்கிடுங்க. இந்தப் பையும் அதே கையில. ம், இப்ப படியில நில்லுங்க. இடக்கையால கம்பியப் பிடிங்க."

ஸ்டியரிங்கில் அந்த நரைமீசை டிரைவர்தான் இருந்தார். "அண்ணாச்சி, பைய ஓட்டுங்க. பாலத்துல போறாப்லயே" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். வண்டியை எடுத்தார்.

வண்டி ஊர்ந்தது. நான் கீழே கூடவே நடந்தேன். நடந்துதான் போனேன், ஓடக்கூட இல்லை. அவ்வளவு பைய.

"இறங்குங்க சார்."

மேலாளர் கீழே பார்த்தார். கொசுவத்தைப் பார்த்தார். உடம்பு பின்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காலை இறக்கினார், மறுபடி ஏற்றிக்கொண்டார். முகம் வெளிறியது.

"வெரசா சார், வெரசா! ஆளுவ காத்திருக்காவ!" இது கூட்டத்திலிருந்து ஒரு கூடைக்காரி.

"ஏய், நிப்பாட்டு! நிப்பாட்டுய்யா!" என்று அலறினார் மேலாளர்.

வண்டி சடக்கென்று நின்றது.

"பாடம் முடிஞ்சுது சார்" என்றேன். "இதத்தான் நாங்களும் சொல்லுதோம்."

கைதட்டல் எல்லாம் கிடையாது. பெண்கள் யாரும் சிரிக்கவும் இல்லை. அவர் கத்தியதும் வண்டி நின்றது அல்லவா, அதை எல்லாரும் பார்த்தார்கள். அவர் கத்தினால் நிற்கும். நாங்கள் வருடக்கணக்காகக் கத்துகிறோம்.

பலன் என்ன என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரம் எங்கள் நிறுத்தத்தில் பளபளவென்று ஒரு பலகை நட்டார்கள்: "பேருந்து நின்ற பின் இறங்கவும்." அட போங்கய்யா! அது நின்றால் நாங்கள் இறங்க மாட்டோமா? பலகைக்குப் பக்கத்திலேயே வண்டி ஊர்ந்துகொண்டே போனது, நாங்கள் உதிர்ந்துகொண்டே இருந்தோம்.

உள்ளிருந்து ஒரு விசை

இதை எல்லாம் ரஹ்மத்திடம் போய்க் கொட்டினேன். அவள் அப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கிரேஸு, வெளிய இருந்து ஒரு விசை வந்தாத்தான் ஓடுதது நிக்கும்னு சொல்லுவல்லா? உள்ள இருந்து குடுத்தா நிக்காதா?"

"நிக்காதுட்டி. பஸ்ஸுக்குள்ள உக்காந்துகிட்டு முன் சீட்டத் தள்ளுனா பஸ்ஸு நகருமா? உள் விசையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிரும்."

"நகத்தவா சொன்னேன்? நிப்பாட்டத்தான கேக்கேன்." கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "நாம இறங்குறதுனாலதான அவன் நிப்பாட்டாமப் போறான்? இறங்காம இருந்தா?"

இவ்வளவு நாளும் டிப்போ, மேலாளர், கிளச்சு என்று வெளியே வெளியே ஓடிக்கொண்டிருந்தவள் நான்.

"முதல்ல நான்தான் வருவேன்" என்றாள் ரஹ்மத். "நான் இல்லாம செஞ்சிராதீங்க. விழுந்தது நானு."

வீட்டில் பெரிய சண்டை. புருசனின் அண்ணன் வாசலில் நின்று கத்தினார். ரஹ்மத் வளைகுடாவுக்குப் போன் போட்டு, "ஒரு நாள் போயிட்டு வாரேன். ஒழுங்கா இறங்கத் தெரியலன்னா நானே நின்னுக்கிடுதேன். தெரிஞ்சா வேலைக்கு விட்டுரணும்" என்று சொல்லிவிட்டாள். "சரி, ஒரு நாளு" என்று பதில் வந்தது.

ஆக அந்த ஒரு நாள்தான் அவளுக்கு இருந்தது.

மறுபடியும் அந்த ஏற்றம்

காலையில் ஆட்டோவில் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். தையல் அறையில் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு விடவில்லை. சாயங்காலம் பஸ் நிலையத்தில், நின்ற வண்டியில் ஏறினோம். அதே டிரைவர், அதே விசில்காரன். எங்கள் நிறுத்தத்துப் பெண்களுக்கெல்லாம் சேதி தெரியும். டவுன் தாண்டியதும் ரஹ்மத் என் கையைப் பிடித்தாள்.

பாலம் வந்தது. ஒரு விசில். வண்டி வேகம் குறைந்து ஊர்ந்தது.

ரஹ்மத் எழுந்து போய் முன்வாசல் மேல்படியில் நின்றாள். இடக்கையில் கம்பு. வலக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நான். எனக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.

"யக்கா, இறங்குங்க, வெரசா!"

"வண்டி நிக்கட்டும் தம்பி" என்றாள் ரஹ்மத். படியை விட்டு நகரவில்லை.

"நிக்காதுக்கா, ஏத்தம்! இறங்குங்க! ஏ டீச்சர், சொல்லுங்க!"

"நிக்கட்டும்" என்றேன் நான்.

"நிக்கட்டும்" என்று பின்னால் கூடைக்காரி. அப்புறம் நர்ஸம்மா. ஆண்கள் பக்கத்திலிருந்து ஏச்சு ஆரம்பித்தது. "சும்மா வாரதுல இந்தச் சட்டம் வேறயா? நேரமாச்சுவே, எடுவே!" கண்டக்டர் கோபத்தில் இரட்டை விசில் ஊதினான்.

டிரைவர் இரட்டை விசிலைக் கேட்டார். கியரில் கை வைத்தபடி தலையைத் திருப்பி ரஹ்மத்தைப் பார்த்தார். அவள் கம்பையும் பார்த்தார். மறுபடியும் விசில் ஒலித்தது. ரஹ்மத் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது.

பிரேக் முனகியது. வண்டி நின்றது. ஊராமல், அசையாமல், முழுசாக நின்றது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. "எறங்குங்கம்மா. பைய எறங்குங்க" என்றார்.

ரஹ்மத் கம்பைத் தரையில் ஊன்றினாள். ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நாங்கள் ஒவ்வொருவராக அவரவர் இஷ்டப்படி இறங்கினோம். கூடைக்காரி வேண்டுமென்றே பின்பக்கம் பார்த்து, ராணி மாதிரி இறங்கினாள்.

இரட்டை விசில். எஞ்சின் உறுமியது. புகை வந்தது. வண்டி ஏறவில்லை. ஒரு முழம் பின்னால் வேறு சறுக்கியது. கண்டக்டர் குதித்து ஓடிவந்து டயருக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்தான்.

"தம்பி, கிளச்சு பிடிக்கல. லோடக் குறை!" என்று டிரைவர் கத்தினார்.

லோடு! வண்டியில் மிச்சம் இருந்தது டிக்கெட் எடுத்த ஆண்கள் மட்டும்தான். "அண்ணாச்சிமாரே, எல்லாம் இறங்குங்க! பாலம் தாண்டி ஏறிக்கிடலாம்!" என்று கண்டக்டர் கெஞ்சினான். ஏசிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். நின்ற வண்டியிலிருந்துதான் இறங்கினார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டி அப்படியும் அசையவில்லை. பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு கிளச்சை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் எங்கள் எலும்பை வைத்தல்லவா இந்த வண்டியை ஏற்றம் ஏற்றியிருக்கிறார்கள்!

கண்டக்டர் வியர்த்து விறுவிறுத்து எங்களிடம் ஓடிவந்தான். "யக்கா, நீங்களும் வந்து ஒரு கை குடுங்களேன். எல்லாருஞ் சேந்து தள்ளுனா ஏறிரும்."

ரஹ்மத் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் இறங்கியாச்சு தம்பி" என்றாள்.

கம்பை ஊன்றி, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் நடந்தாள். தெருமுனையில் அவள் புருசனின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார் போல. ஒதுங்கி வழிவிட்டார்.